குடியிருப்பவர்

கொடியில் துணி போட வேண்டும் என்றுதான் கலாராணி முதலில் சொன்னாள். ஆள் இருக்கிற வீட்டுக்கும் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் வேறென்ன வித்தியாசம், துணிதான், வர்றவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும் என்று சொல்லிக்கொண்டே, திருப்பூரில் நாங்கள் இருக்கிற ஒற்றை அறையில் கால் நீட்டி உட்கார்ந்து, என்னுடைய பழைய சட்டைகளையும் ஒரு கைலியையும் அவளுடைய நைந்த சேலை ஒன்றையும் பையில் அடைத்தாள். "நனைச்சுப் போடுங்க. காஞ்சதைப் போட்டாக் கண்டுபிடிச்சிருவாங்க." அடுப்பைப் பற்றவைத்து அணைக்க வேண்டும், குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், பாயை ஒருமுறை விரித்துச் சுருட்டி மூலையில் சாய்க்க வேண்டும். ஒரு வீட்டில் வாழ்வதாகக் காட்டிக்கொள்ள இவ்வளவு போதும் என்றால், பனியன் கம்பெனிக்கும் அந்த அறைக்குமாக இத்தனை வருஷம் நாங்கள் செய்துகொண்டிருப்பதும் இதைத்தானோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது, தோன்றியதை நீட்டிக்கொண்டு போகப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். கிராமத்து வீட்டுக் கடன் என்பது இப்படித்தான். குடியிருக்கத் தகுதியில்லாத வீடாக இருக்க வேண்டும், ஆனால் அதில் நான் குடியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இடித்துவிட்டுக் கட்டக் கடன் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, வீட்டில் பாத்தியதை உள்ளவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதைப் பற்றிக் கலாராணி அதிகம் பேசவில்லை. "உங்க மதினியப் பத்திக் கேட்டா, போயிட்டாங்கன்னு சொல்லுங்க. போயிட்டாங்கதானே." போய்விட்டாள்தான். அண்ணன் தவசிக்குக் காரியம் முடிந்த கையோடு மதினியின் தம்பி மானாமதுரையிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். நான்தான் வீட்டைப் பூட்டினேன், சாவியை நான்தான் கொண்டுபோனேன். மாவிலங்குடி விலக்கில் இறங்கி நல்லமுத்து அண்ணன் கடையில் டீ குடித்தபோது அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "வீட்டுக்கா போற, பூமி?" என்றார். ஆமாம் என்றேன். கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார். "சத்தம் குடுத்துட்டு உள்ள போ" என்றார். கண்மாய்க்கரை வீடு, பாம்பு கிடக்கும், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் பாம்புக்குக் காலைத் தட்டிக்கொண்டு போ என்றுதானே சொல்வார்கள். சத்தம் குடு என்றால் என்ன. யாருடைய பெயரைச் சொல்லி. கருவேல மரங்களுக்கு நடுவே பங்குனி வெயில் அசையாமல் நின்றது. பூட்டு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, கல்லால் தட்டித் தட்டித்தான் திறந்தேன், அந்தத் தட்டலே சத்தம் கொடுத்ததாக ஆகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே தூசி இல்லை. முதலில் அது தூசி இல்லாமல் இருப்பது என்றே எனக்குத் தெரியவில்லை, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது, கடனுக்காக வீட்டைப் பார்க்க வருகிற ஆபீசரம்மா வந்து சேர்வதற்குள் கூட்டிவிட வேண்டும் என்று விளக்குமாற்றைத் தேடினேன், அது கதவுக்குப் பின்னால், அம்மா இருந்த காலத்தில் எங்கே சாய்ந்திருக்குமோ அங்கேயே சாய்ந்திருந்தது, அதைக் கையில் எடுத்துக் குனிந்த பிறகுதான் மண் தரையில் விளக்குமாற்றுக் கோடுகள் அரைவட்டம் அரைவட்டமாக ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தேன். ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெளிச்ச வட்டங்கள் அந்தக் கோடுகளின் மேல் கிடந்தன. யாராவது ஆடு மேய்க்கிறவர்கள் நிழலுக்கு ஒதுங்கியிருக்கலாம். நிழலுக்கு ஒதுங்குகிறவன் கூட்டுவானா. கூட்டலாம், சுத்தமான ஆளாக இருந்தால். விளக்குமாற்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், எடுத்தது தெரியாதபடிக்கு, ஏன் அப்படி வைத்தேன், என் வீடுதானே. அடுப்பில் சாம்பல் இருந்தது, பழைய சாம்பலாக இருக்கும் என்று கையை வைத்தேன், உள்ளே சூடு இருந்தது. காய்ச்சல் தணிகிற பிள்ளையின் வயிற்றில் இருக்குமே, அந்தச் சூடு. கையை எடுத்து வேட்டியில் துடைத்தேன், துடைத்த இடத்தில் சாம்பல் அப்பிக்கொண்டது, அதைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, உள்ளே நுழைந்ததிலிருந்தே அது இருந்திருக்க வேண்டும். மூலையில் வீட்டுக்குள்ளேயே கட்டின கொடியில் ஒரு சட்டை ஈரமாகத் தொங்கியது. அதன் கைகளின் நுனியில் தண்ணீர் கோத்துக் கோத்துத் தரையில் விழுந்து மண்ணில் சின்னக் குழி பறித்திருந்தது. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. அது யாருடையது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட சட்டை, இடது கை தோளில் தையல் கோணிப் போயிருந்தது, நான்தான் பிரித்துத் திருப்பித் தைத்து ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்து தவசிக்குக் கொடுத்தேன். கிட்டே போய்த் தோளைப் பார்த்தேன். என் தையல்தான். இரண்டு நூல் நிறங்களும் அப்படியே இருந்தன.

தூக்கத்தில் போனவனுக்குத் தான் போய்விட்டது தெரியுமா என்று அப்போது நினைத்தேன், அதை நினைத்திருக்கக் கூடாது, நினைத்த பிறகு அது போகவில்லை. தவசி தூங்கிக்கொண்டிருந்தான். ஐப்பசி அடைமழையில் பின்னறைச் சுவர் ஊறி, விடிகிற நேரத்தில் மொத்தமாக உள்பக்கம் சாய்ந்தது. ஒழுகுகிற இடத்தில் சட்டி வைக்க எழுந்து முன்னறைக்கு வந்ததால் மதினி தப்பித்தாள். நான் வந்து சேர்ந்தபோது ஆளை எடுத்துக் கழுவிப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள், முகத்தில் ஒன்றுமே இல்லை, எழுப்பினால் எழுந்து, எப்படா வந்தே என்று கேட்கிற முகம். அப்படிப்பட்டவனுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள். மண் ஈரமாக இருக்கிறது என்று எழுந்திருப்பான், சட்டை அழுக்காகிவிட்டது என்று அலசிப் போட்டிருப்பான், வீடு கூட்டாமல் கிடக்கிறது, மீனாள் எங்கே போனாள் என்று தேடியிருப்பான், அடுப்பை அவனே பற்றவைத்திருப்பான். சீ, என்ன நினைப்பு இது, பட்டப்பகலில். செத்தவனுக்குச் சோறு எதற்கு. ஆனால் அடுப்பு சூடாக இருந்ததே. முந்தின வருஷம் அவனும் இதே மாதிரி ஒரு வீட்டுத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தான். அப்போது வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரெல்லாம் நேரா நிக்குது, இன்னும் ரொம்ப நாளைக்குத் தாங்கும், தகுதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைத் தவசி போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "விழட்டும்னு சொல்றாங்கடா. விழுந்தாத்தான் வீடாம்." இப்போது விழுந்துவிட்டது. இப்போது எனக்குத் தகுதி இருக்கிறது. அவன் மேல் விழுந்த சுவர்தான் எனக்குத் தகுதி, அதை வைத்துக்கொண்டுதான் நான் இன்று ஆபீசரம்மாவுக்காகக் காத்திருக்கிறேன், வந்ததும் பின்னறையைத் திறந்து, பாருங்க மேடம், எப்படி இடிஞ்சு கிடக்குது பாருங்க என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டும் என்றால் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். சுவரில்லாமல் திறந்து கிடந்த பின்பக்கத்துக்கு மட்டும் அப்போது தகரம் வைத்து மறைத்துவிட்டுப் போனேன், அதற்குப் பிறகு பின்னறைக்கு நான் போகவே இல்லை. கதவைப் பார்த்தேன். மூடியிருந்தது. அடியில் விரலளவு இடைவெளி, அதன் வழியாகத் தகரத்துச் சந்து வெளிச்சம் தரையில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டை சொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் நடுவில் இரண்டு இடம் கறுத்தது. இரண்டு பாதம் வந்து நின்றால் எப்படிக் கறுக்குமோ அப்படி. கதவுக்கு அந்தப் பக்கம், என்னைப் பார்த்தபடி. நான் மூச்சை விடவில்லை. அதுவும் விடவில்லை என்று தோன்றியது. ஓடிவிடலாம், வாசல் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் ஓடினால் எங்கே, திருப்பூருக்கா, கலாராணியிடம் என்ன சொல்வேன், அண்ணன் இருக்கான், கடன் கிடைக்காது என்றா. "தவசி" என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட நினைக்கவில்லை. வாய் கூப்பிட்டுவிட்டது.

"அவுக இல்ல தம்பி" என்றது உள்ளே இருந்து ஒரு குரல். "நாந்தான்." கதவைத் தள்ளியபோது மதினி ஓரமாக ஒதுங்கி நின்றாள். மீனாள் மதினிதான், ஆனால் வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் விழுந்த மண் அப்படியே மேடாகக் கிடந்தது, அந்த மேட்டை ஒட்டிப் பாய் விரித்திருந்தது, தலையணை இருந்தது, அண்ணன் படுத்துக் கிடந்த அதே இடத்தில். என்னால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. "பூட்டைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. யாரோ என்னமோன்னு உள்ள வந்துட்டேன். நீங்கன்னு தெரிஞ்ச பெறகு வெளிய வர ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். பொங்கல் முடிந்து வந்ததாகச் சொன்னாள். தம்பி வீட்டில் முதலில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்களாம், பிறகு தம்பி பெண்டாட்டி பேசுவதை நிறுத்திவிட்டாளாம். "திட்டுனாக் கூட இருந்திருப்பேன். ஒரு வீட்டுல நம்மள யாருமே பாக்காத மாதிரி நடந்துக்கிட்டா எப்படி இருக்கிறது சொல்லுங்க." தகரத்தை நகர்த்தித்தான் வந்து போகிறாளாம், முன்வாசல் பூட்டை அவள் தொடவில்லையாம், பூட்டு உங்களுதாச்சே என்றாள். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறாள், சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள அண்ணன் சட்டையை எடுத்துக்கொண்டாள், இன்று சூளை லீவு என்பதால் துவைத்துப் போட்டிருக்கிறாள். எவ்வளவு சாதாரணமாக இருந்தது எல்லாம். சூளையில் எல்லாப் பொம்பளைகளும் ஆம்பளைச் சட்டைதான் போட்டிருப்பார்கள், எனக்கு ஏன் அது தோன்றவில்லை. சாதாரணமாக ஆன பிறகும் என் முதுகில் ஏறியிருந்த குளிர் இறங்கவில்லை, அது எங்கே இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தது. "எனக்கு யாருமே சொல்லலையே" என்றேன். "ஊருல எல்லாருக்கும் தெரியும் தம்பி. உங்களுக்குச் சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன்." பிறகு நான் பாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்க வேண்டும், "முன்னறையில படுத்தா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே தூங்காமக் கெடப்பேன். இங்க அந்தப் பயம் இல்ல. விழ வேண்டியது விழுந்துருச்சு" என்றாள்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேனா என்றால், கடன் என்று சொன்னேன், இடித்துவிட்டுக் கட்டப் போகிறோம் என்று சொன்னேன், கட்டின பிறகு யார் இருப்பார்கள் என்பதை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் என் பையையே பார்த்தாள். "துணி கொண்டாந்திருக்கீகளா. குடுங்க, நனைச்சுப் போடுறேன், ஆபீசரம்மா வர்ற நேரமாச்சுல்ல" என்று வாங்கி, குடத்துத் தண்ணீரை அளந்து ஊற்றி நனைத்து, பிழிந்து உதறி, கொடியில் தவசியின் சட்டைக்குப் பக்கத்தில் என் சட்டையையும் கலாராணியின் சேலையையும் போட்டாள். போடும்போது அந்தச் சேலையின் கிழிசல் வெளியே தெரியாதபடி மடித்துப் போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நேரம் இருந்தது, துணி அவள் கைக்குப் போவதற்கும் தண்ணீருக்குள் போவதற்கும் நடுவில், அந்த நேரத்தில் நான் சொட்டுகிற சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி சத்தம் கருவேலங்காட்டுக்குள் கேட்டதும், "நான் பின்னால போயி இருந்துக்கிறேன். நான் இருக்கேன்னு சொல்ல வேணாம். எனக்குப் பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பழகிப்போச்சு. தம்பி வீட்டில் பழகியதைச் சொல்கிறாளா, இங்கே பழகியதைச் சொல்கிறாளா.

ஆபீசரம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். நடுத்தர வயசு, களைத்த முகம், குரலில் அதிகாரம் எதுவும் இல்லை. சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், மண் உதிர்ந்தது, விரலைப் பார்த்துக்கொண்டார். கொடியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், குனிந்து தரையைக்கூடப் பார்த்தார். "எல்லாரும் ஆள் இருக்கிற மாதிரி எதையாவது பரப்பி வெச்சிருப்பாங்க" என்று சிரித்தார், "பாத்தாலே தெரிஞ்சிரும். இங்க நெசமாவே குடித்தனம் நடக்குது." பின்னறையைக் காட்டச் சொல்வார் என்று பயந்தேன், ஆனால் அவர் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் தகரத்தையும் சரிந்த ஓட்டையும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, உள்ள போகாதீங்க, மிச்சமும் விழுந்துரும் என்று என்னை எச்சரித்துவிட்டு வாசலுக்கு வந்தார். "இங்கதான் உங்க அண்ணன்?" என்றார். ஆமாம் என்றேன். "அவர் சம்சாரம்?" "போயிட்டாங்க மேடம்." "எங்க?" "அவங்க தம்பி வீட்டுக்கு." "வேற யாரும் இங்க இல்லையே?" இல்லை என்று நான் சொன்னேன். சொல்லும்போது அது பொய் மாதிரியே இல்லை, கலாராணி சொல்லிக்கொடுத்த ஒழுங்கில், வழவழவென்று வந்தது. "சரி, வாசல்ல நில்லுங்க. வீட்டோட சேத்து ஒரு போட்டோ எடுக்கணும்." நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன். போனை உயர்த்தி எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார், போனை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "உங்களுக்குப் பின்னால நிக்கிறது யாரு?" என்றார்.

நான் உடனே திரும்பவில்லை. தவசியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையாகவே, அந்த வெயிலில், ஆபீசரம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, என் அண்ணனின் ஆவியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆவி என்றால் பரவாயில்லை, ஆவி பாத்தியதை கேட்காது, அதன் பெயரை யாரும் எழுத வேண்டியதில்லை, புது வீடு கட்டினால் ஒரு பூசை போட்டு அனுப்பிவிடலாம். காலையில் எதைக் கண்டு நடுங்கினேனோ அதையே இப்போது துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பினேன். மதினி நிலைக்குள் நிழலில் நின்றாள், தலையை வாரி முடிந்திருந்தாள், கையில் சொம்பு. "வெயில்ல வந்திருக்காகளே, தண்ணி குடிக்கிறாகளான்னு கேக்க வந்தேன்" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்க வந்த முகம் இல்லை அது, வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாத முகம். ஆபீசரம்மா படியேறி வந்து சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார், முழுவதும் குடித்தார், கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்றார். மதினி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லச் சொல்கிறேனோ அதைச் சொல்வாள் என்று தெரிந்தது, வேலைக்காரி என்று சொன்னாலும் தலையாட்டுவாள், யாருமே இல்லை என்று சொன்னாலும் உள்ளே போய்விடுவாள், போய் அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், அங்கே சுவர் போட்டு அடைத்துக் கட்டினாலும் உட்கார்ந்தே இருப்பாள். "எங்க மதினி" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. "தவசி சம்சாரம். அவங்கதான் இங்க குடியிருக்காங்க. நான் இருக்கிறது திருப்பூர்ல."

ஆபீசரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொடியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பொய்யாப் போட்ட துணியெல்லாம் உங்களோடதா" என்றார், கோபமில்லாமல். பிறகு, கடன் இவங்க பேர்லதான் வரணும், குடியிருக்கிறவங்க இவங்கதான், பங்காளிங்கற முறையில நீங்க சம்மதம்னு எழுதிக் குடுக்கணும், குடுப்பீங்களா என்று கேட்டார். குடுப்பேன் என்றேன். சட்டைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது, கலாராணியாகத்தான் இருக்கும், என்னாச்சு, முடிஞ்சுதா என்று கேட்பாள், அது நின்று மறுபடி அதிர்ந்தது, நெஞ்சுக்கு மேலேயே அதிர்ந்ததால் அது போனா என் நெஞ்சா என்று பிரிக்க முடியவில்லை. இன்று ராத்திரி அந்த ஒற்றை அறைக்குள் போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. வீடு இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. ஆள் இருக்கிறது, ஆனால் நாம் இல்லை. "எடுத்த படத்தை அழிச்சிட்டேன்" என்றார் ஆபீசரம்மா. "நீங்க வாங்கம்மா, இப்படி வாசலுக்கு வாங்க. நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க சார்." தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்றார். படியிறங்கி, முள்வேலியைத் தாண்டி, வண்டிப்பாதைக்கே போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால், அந்த வழியாகப் போகிற யாரோ ஒருவன் பார்ப்பது போல்தான் எனக்கும் தெரிந்தது, சரிந்த ஓடு, இருட்டான வாசல், அதில் ஒரு பெண். மதினி சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சிரிக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றார் ஆபீசரம்மா. "கண்ணைத் தொறந்து நில்லுங்க, போதும்."